ஓடின வண்டியைப் பார், தம்பி

வாளையார்,
ஜனவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. குமுளியில் ஏலக்காய்ப் பறிப்பு முடிகிற நேரம், உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இருந்தாலும் இந்தக் கடிதத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடு. கம்பத்துக்கு வண்டி பார்க்க இறங்கும்போது கையிலும் எடுத்துப் போ. இரண்டு பழைய கார்களில் எதை வாங்குவது என்று நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடியாது, கண்ணு.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். இரண்டுமே கிராண்ட் விட்டாரா, இரண்டுமே 2022 கடைசியில் எடுத்தவை. ஒன்று கட்டப்பனையில் ஒரு வீட்டில் நிற்கிறது. மகன் கல்ஃபில் இருக்கிறார், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, கேரளா நம்பர், பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. இன்னொன்று கம்பத்தில் ஒரு திராட்சை வியாபாரியுடையது, 78,000 ஓடியிருக்கிறது, டிஎன் 60 நம்பர், பம்பரில் உரசல், ஓட்டுநர் இருக்கை பளபளத்துப் போயிருக்கிறது. விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். உன் மனசு கட்டப்பனை வண்டிமேல்தான் நிற்கிறது என்பது நீ பேசின தோரணையிலேயே தெரிந்தது. சாதாரணக் கார் என்றால் நானும் அதையே எடு என்பேன். ஹைப்ரிட் என்பதால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்: கம்பத்து வண்டியை முதலில் பார்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த இரண்டும் நிஜமான ஹைப்ரிட்தானா என்பதை உறுதி செய்துகொள். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் ஹைப்ரிட் என்றே சொல்கிறார்கள். 2015க்குப் பிறகு வந்த டீசல் சியாஸிலும் எர்டிகாவிலும் எஸ்எச்விஎஸ் என்று எழுத்து ஒட்டியிருக்கும். அது சிக்னலில் இன்ஜினை அணைத்துத் திரும்ப எழுப்பும், ஏறும்போது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் மட்டும் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாது. கிராண்ட் விட்டாராவிலேயே இரண்டு வகை உண்டு. ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்று வருவது அந்தச் சின்ன வகை. ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’தான் நாம் பேசுகிறது. வெளியே பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆர்.சி.யை வாங்கிப் பார்: 1462 சி.சி., நான்கு சிலிண்டர் என்றிருந்தால் சின்னது. 1490 சி.சி., மூன்று சிலிண்டர் என்றிருந்தால் நமக்கு வேண்டியது. கியர் தண்டு போட்ட மேனுவல் வண்டியாக இருந்தால் ஆர்.சி.யைக் கேட்கவே வேண்டாம், அது ஸ்ட்ராங் ஹைப்ரிட் இல்லை. டொயோட்டா ஹைரைடரிலும் இதே கதை. இரண்டையும் கர்நாடகத்தில் பிடதியில் ஒரே தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள்.

இந்த ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குள் நடப்பது இதுதான். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, பின்னால் 0.76 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி. வீட்டில் பிளக்கில் மாட்டிச் சார்ஜ் போடுகிற வேலை கிடையாது. மெதுவாகப் போகும்போது மோட்டார், வேகம் எடுக்கும்போது இரண்டும், பிரேக் அடிக்கும்போதும் இறங்கும்போதும் சக்கரமே மோட்டாரைச் சுற்றிக் கரண்டை பேட்டரிக்குத் திருப்பிவிடும். நீ தினமும் பார்க்கிற லோயர் கேம்ப் மாதிரிதான் இது. பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாய்களில் இறங்கிக் கரண்டாகிறதே, அதேபோல் இறங்குகிற வண்டியின் கனம் கரண்டாகிறது.

ஆனால் ஒரு கணக்கை மனசில் வை. நீங்கள் நாலு பேர் ஏறினால் வண்டி ஒன்றரை டன் இருக்கும். குமுளியிலிருந்து லோயர் கேம்புக்குச் சுமார் 400 மீட்டர் உயரம் இறங்குகிறாய் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் இருக்கிற சக்தி ஒன்றரை யூனிட்டுக்கு மேல். பேட்டரி முழுசாகப் பிடிப்பதே முக்கால் யூனிட், அதையும் ஆயுள் கருதி நடுப்பகுதியில் மட்டுமே புழங்க விடுவார்கள். சாலையும் காற்றும் தின்பது போக மிஞ்சுவதே பேட்டரிக்கு அதிகம். ஆகவே பாதி வளைவு இறங்குவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பிரேக் பெடலை மட்டும் நம்பி இறங்காதே. கியர் செலக்டரில் ‘பி’ என்று ஒரு நிலை இருக்கும், பார்க்கிங்குக்கு உள்ளது வேறு, இது ‘டி’க்குப் பக்கத்தில் இருக்கும் இங்கிலீஷ் இரண்டாம் எழுத்து. அதில் போட்டுக்கொண்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் ஊற்றாமல் இன்ஜின் இரைகிற சத்தம் கேட்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஏதோ ரிப்பேர் என்று பயந்துவிடுவார்கள். பயப்படாதே. நான் எங்கள் ஹைப்ரிட்டில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது அந்தச் சத்தத்தோடுதான் இறங்குவேன்.

இப்போது கட்டப்பனை வண்டிக்கு வருகிறேன்.

ஹைப்ரிட் காருக்கு நிற்பது ஆகாது. பெரிய பேட்டரியைத் தவிர, சாதாரணக் கார்களில் இருப்பதுபோல ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. கம்ப்யூட்டர்கள் விழிப்பதும், பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலே விழுவதும் அதனால்தான். அது செத்தால், பின்னால் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் ‘ரெடி’ விளக்கு எரியாது, வண்டி நகராது. மாதக்கணக்காக நிறுத்திப் போட்டால் முதலில் இது போகும். பெரிய பேட்டரியும் சும்மா இருந்தாலே மெல்ல மெல்ல இறங்கும். ரொம்ப இறங்கி அப்படியே கிடந்தால் அதன் ஆயுள் குறையும், செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு வரும். கஞ்சிக்கோட்டில் என்னோடு வேலை செய்கிறவரின் அண்ணன் துபாயில் இருக்கிறார். லீவுக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று இப்படி ஒரு வண்டியை வீட்டில் மூடிப்போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லீவும் லாரியில் ஏற்றி ஒர்க் ஷாப் போவதில்தான் தொடங்கும். ஒரு தடவை எலி உள்ளே கூடு கட்டியிருந்தது. பேட்டரிக்குக் குளிர்காற்று போகிற வழியெல்லாம் பஞ்சும் நெல் உமியும். கேரளத்தில் இப்படிப்பட்ட வீட்டு வண்டிகள் நிறைய விற்பனைக்கு வரும். பார்த்தால் கண்ணைப் பறிக்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பது அந்த வண்டிக்குப் புகழ் இல்லை, கண்ணு. மூன்று வருஷத்தில் 14,000 என்றால் அது ஓடின மாசத்தைவிட நின்ற மாசம்தான் அதிகம்.

கட்டப்பனையில் கேட்க வேண்டியது இது: வீட்டில் யாராவது வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்தார்களா? எடுத்தார்கள் என்றால் என் பேச்சு பாதி மாறிவிடும். 12 வோல்ட் பேட்டரியை எப்போது மாற்றினார்கள் என்று கேள். பில் இருந்தால் பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2022 டயர் நின்றே காய்ந்து ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தால் நாலையும் மாற்ற வேண்டும், அந்தப் பணத்தை விலையில் கழி. பிரேக் டிஸ்க்கில் தடித்த துரு இருக்கிறதா பார். ஹைப்ரிட்டில் பிரேக்கை அதிகம் மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க் தேய்வது குறைவு, அதுவே நிற்கிற வண்டியில் துருவாக வந்து உட்காரும். அதே காரணத்தால் கம்பத்து வண்டியில் 78,000க்குப் பிறகும் பிரேக் பேட் நல்ல கனமாகவே இருக்க வாய்ப்புண்டு. அங்கே பேட் ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை மாறியிருக்கிறது என்றால், ஓட்டினவர் வண்டியை மிதித்து ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்.

கம்பத்து வியாபாரி தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் அடிக்கடி போய்வந்தவர் என்றாய். ஹைப்ரிட்டுக்கு அதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது. பேட்டரி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகியிருக்கும். பேட்டரிக்கு முதல் விற்பனைத் தேதியிலிருந்து 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. இரண்டாவது கைக்கு வந்தாலும் அது வண்டியோடு வரும். ஆக 2030 கடைசி வரை, இன்னும் 82,000 கிலோமீட்டர் உனக்கு மிச்சம். நீ ஓட்டுகிற ஓட்டத்துக்கு வருஷம்தான் முதலில் முடியும். ஆனால் அந்த வாரண்டி நிற்க வேண்டுமானால் சர்வீஸ் எல்லாம் கம்பெனி சென்டரில் நேரத்துக்கு நடந்திருக்க வேண்டும். சர்வீஸ் வரலாற்றை எழுத்தில் வாங்கு, வாய்வார்த்தையில் வேண்டாம்.

பார்க்கப் போகும்போது, “நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போ. ஆறின வண்டியைத்தான் பார்க்க வேண்டும். ‘ரெடி’ விளக்கு உடனே எரிய வேண்டும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டு, ஊருக்குள்ளும் வெளியிலும். திரையில் பேட்டரிக் கட்டங்கள் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். திடீரென்று நிறைவதும் திடீரென்று காலியாவதுமாகக் குதித்தால் செல்லில் கோளாறு என்று அர்த்தம், அந்த வண்டியை விட்டுவிடு. பின்னிருக்கையருகே ஒரு சின்னக் காற்றுவாய் இருக்கும். பேட்டரி அது வழியாகத்தான் காருக்குள் இருக்கிற குளிர்ந்த காற்றை இழுத்துக்கொள்கிறது. அதில் தூசியும் நாய்முடியும் அடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். பானெட்டைத் திறந்தால் கூலன்ட் இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று இன்ஜினுக்கு, ஒன்று இன்வெர்ட்டருக்கு. இரண்டாவதை நிறையப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் தெரியும், அதைத் தொடாதே, யாரையும் தொட விடாதே. கடைசியாக, தேனியிலோ மதுரையிலோ கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்ப் பேட்டரிப் பரிசோதனை செய்து பிரிண்ட் எடுத்துத் தரச் சொல். அதற்கு ஆகிற காசை நீயே கொடு. விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு.

தண்ணீரில் மூழ்கின வண்டியா என்பதைப் பார்க்க மறக்காதே. எந்தக் காருக்கும் கெடுதல்தான், ஹைப்ரிட்டுக்கு அது சாவு. 2023 டிசம்பரில் மட்டும் முதலில் மிக்ஜாம் புயலில் சென்னை, அடுத்த இரண்டு வாரத்தில் தூத்துக்குடியும் நெல்லையும். அந்த வண்டிகள் எல்லாம் எங்கேயோ விற்கப்பட்டுத்தான் இருக்கும். 2025 அக்டோபர் மழையை உங்கள் பக்கமே நீ நேரில் பார்த்தவன். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழு, அடிவரை இழுத்தால் சேற்றுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். மிதியடிக்குக் கீழே இருக்கிற விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்.

காகித வேலை கம்பத்து வண்டியின் கஷ்டமான பக்கம். அதை மறைக்க மாட்டேன். எங்கள் வண்டியும் கோயம்புத்தூரில் எடுத்ததுதான், டிஎன் 38 நம்பராக வந்தது. விற்றவர் வங்கியில் வேலை செய்கிறவர், தினமும் திருப்பூர் போய்வந்தவர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 47வது பிரிவு: ஒரு மாநில நம்பரோடு இன்னொரு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வண்டியை வைத்திருக்கக் கூடாது, புது நம்பர் வாங்க வேண்டும். முதலில் விற்கிறவர் கடன் முடித்து, ஹைப்போதிகேஷன் நீக்கப் படிவம் 35, பிறகு தேனி ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி.க்குப் படிவம் 28. உனக்குப் பேர் மாற்ற 29, 30. வண்டிப்பெரியாறு ஆபீசில் கேஎல் 37 நம்பருக்குப் படிவம் 27. அதோடு கேரள அரசுக்கு மிச்ச வருஷங்களுக்கான சாலை வரியை மொத்தமாகக் கட்ட வேண்டும். இந்தத் தொகையைக் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசு, இல்லாவிட்டால் ஒரு லட்சம் குறைவாகக் கிடைத்ததுபோல் தோன்றினது இங்கே கரைந்துவிடும். வண்டி மாநிலம் விட்டுப் போவதால் தமிழ்நாட்டில் கட்டின ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு என்பதை முன்கூட்டியே அவரோடு பேசி எழுதி வைத்துக்கொள்.

எல்லையில் குடியிருக்கிற நம் ஆட்களில் பலர், “எதற்கு இந்தத் தலைவலி, டிஎன் நம்பரிலேயே ஓட்டினால் போதும்” என்று வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள். வாளையாரிலும் பார்க்கிறேன், குமுளியிலும் நீ பார்த்திருப்பாய். நீ அதைச் செய்யாதே. சோதனையில் பிடித்தால் கட்டுகிற காசு ஒருபக்கம் இருக்கட்டும். ஆர்.சி. இன்னொருவர் பேரில், நம்பர் வேறு மாநிலம், இன்ஷூரன்ஸ் யார் பேரில் என்றே தெரியாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்குவதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பேர் மாறின 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உன் பேருக்கு மாற்று. ஃபாஸ்டாக்கையும் புதிதாக எடு. வருஷப் பாஸ் எடுப்பதாயிருந்தால் புது நம்பர் வந்த பிறகு எடு, அது வண்டி நம்பரோடு கட்டப்பட்டது.

விலை பேசும்போது ஒரு விஷயம் சொல்லு. 2025 செப்டம்பர் 22லிருந்து புது வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. மாறியிருக்கிறது. இந்த அளவு ஹைப்ரிட்டுக்குச் செஸ் எல்லாம் சேர்த்து 43 சதவீதமாக இருந்தது 40 ஆகியிருக்கிறது. புதிது விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும். சிலர் இன்னும் பழைய கணக்கிலேயே விலை சொல்கிறார்கள். (பேட்டரிக் காருக்கு 5 சதவீதம், பெட்ரோலை இவ்வளவு மிச்சம் பிடிக்கிற ஹைப்ரிட்டுக்கு 40 என்பது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. மலைப்பக்கம் சார்ஜர் இல்லாத ஊர்களில் இருக்கிறவர்களை நினைத்தாவது குறைத்திருக்கலாம்.)

மைலேஜ் என்ன என்று கேட்டாய். கம்பெனி சொல்வது லிட்டருக்கு 27.97. எனக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிடைக்கிறது. பாலக்காட்டு டவுனுக்குள் அதற்கு மேலும், நாலுவழிச் சாலையில் நூறில் போனால் அதற்குக் கீழும். மற்ற கார்களுக்கு நேர்மாறு இது, நின்று நின்று போகிற இடத்தில்தான் ஹைப்ரிட் சம்பாதிக்கும். இங்கே காற்றும் ஒரு கணக்கு. மலைத்தொடர் வாய்திறந்த இடம் அல்லவா இது. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வரும்போது எதிர்க்காற்று. கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து அடிக்கும், அப்போது போகும்போது எதிர்க்காற்று. கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் காற்றாலை வைத்திருப்பது சும்மாவா? திரையில் மைலேஜ் எண் இறங்குவதைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் என்று மாமா சொல்லிவிடுவார்.

பணக்கணக்கு இப்படி. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாய். சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 750 லிட்டர். இது 22 கொடுத்தால் 545 லிட்டர். இருநூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் மிச்சம், இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள். புதிதில் இரண்டு வகைக்கும் இடையில் சுமார் மூன்று லட்சம் வித்தியாசம் இருந்தது, அதை எடுக்கப் பதினைந்து வருஷம் ஆகும். பழையதாக வாங்கும்போது முதல் ஆள் அந்தச் சுமையில் பெரும் பங்கைத் தூக்கிவிட்டார். ஹைப்ரிட்டை இரண்டாவது கையாக வாங்குவதுதான் நம் மாதிரிக் குடும்பத்துக்குச் சரி என்று நான் சொல்வது இதனால்தான். பெட்ரோலை லோயர் கேம்ப் பக்கம் போட்டுக்கொள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் வரி குறைத்தது, கேரளம் 2023 ஏப்ரலில் இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்புச் செஸ் போட்டது. நாங்களும் தமிழ்நாட்டுப் பக்கம் சாவடியருகே உள்ள பங்கில்தான் நிரப்புகிறோம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிக் கவலைப்பட்டாய். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இந்தக் கலவைக்கு (இ20) என்றே செய்தவை, நீ பார்க்கிற இரண்டும் அதற்கு முந்தையவை. கொஞ்சம் மைலேஜ் குறையும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கட்டப்பனை வண்டியில் பழைய பெட்ரோல் மாசக்கணக்கில் டேங்கில் கிடந்திருந்தால், எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதையும் யோசி. நின்ற வண்டி வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பழைய ஹைப்ரிட்டைப் பற்றி நம் இலங்கைச் சொந்தங்களிடம் கேள் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். நியாயம்தான். தமிழ் பேசுகிறவர்களில் பழைய ஹைப்ரிட்டோடு நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஜப்பானில் ஓடின பிரியஸ், அக்வா, ஃபிட், வெசல் எல்லாம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சாதாரணக் குடும்ப வண்டி. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷமும் இருக்கிற வண்டியை வைத்தே ஓட்டியாக வேண்டிய நிலை. பேட்டரிப் பெட்டியைப் பிரித்து, எந்தப் பகுதி செத்ததோ அதை மட்டும் மாற்றிக் கொடுக்கிற பட்டறைகள் அங்கே உண்டு. நம் பக்கம் அந்தக் கைவேலை இன்னும் பரவவில்லை. பேட்டரி போனால் கம்பெனிதான் கதி, வாரண்டி முடிந்துவிட்டால் லட்சங்களில் பேசுவார்கள். வாரண்டியை உயிராகப் பிடித்துக்கொள் என்று நான் சொல்வது அதற்காக.

வாங்கின பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. வெயிலில் போடாதே. உனக்குக் குமுளியில் அந்தக் கஷ்டம் கிடையாது. இங்கே பங்குனி சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும், 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விட்டார்கள். நான் புளியமரத்து நிழல் பார்த்துத்தான் நிறுத்துவேன், ஏறினதும் கதவைத் திறந்து சூட்டை வெளியேற்றி ஏ.சி. போட்ட பிறகே கிளம்புவேன். பின்னிருக்கையில் அம்மா குளிர்ந்தால் பேட்டரியும் குளிரும். டிக்கி 265 லிட்டர்தான், பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏலக்காய் மூட்டை ஏற்றலாம் என்று கனவு காணாதே, அதற்கு உன் ஜீப் இருக்கட்டும். வாரக்கணக்கில் ஊருக்குப் போவதானால் யாரிடமாவது சாவியைக் கொடுத்து, நாலு நாளுக்கு ஒரு தடவை ‘ரெடி’யில் போட்டு அரை மணி நேரம் விடச் சொல். சத்தமில்லாமல் வரும் வண்டி, தெருவில் பிள்ளைகளும் நாயும் திரும்பிப் பார்க்காது. ஊருக்குள் நீதான் பார்த்துப் போக வேண்டும். எங்கள் பக்கம் சுள்ளிமடை, கஞ்சிக்கோடு வழியில் இருட்டினால் யானை இறங்கும், உங்கள் பக்கமும் அப்படித்தான். தூரத்திலேயே நிறுத்திவிடு.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வாள். கோயம்புத்தூர் அரவிந்துக்குக் கண் காட்டக் கூட்டிப்போவது இந்த வண்டியில்தான். வாளையார் சோதனைச்சாவடியை நீ பழைய நாளில் பார்த்திருக்கிறாய், லாரிகள் மைல்கணக்கில் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடி போன பிறகு அவ்வளவு கிடையாது, ஆனாலும் சில நாள் ஊர்ந்துதான் போக வேண்டும். முதல் தடவை அந்த வரிசையில் இன்ஜின் தானாக அணைந்தபோது, “வண்டி நின்னுபோச்சா கண்ணு?” என்றாள். ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்ரஸர் கரண்டில் ஓடுகிறது என்பதால். வரிசை நகர்ந்ததும் சத்தமில்லாமல் நகர்ந்தோம். இப்போது அவளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறாள். ஆட்டம் குலுக்கல் இல்லாததால் திரும்பி வரும்போது இடுப்புவலி என்று சொல்வது குறைந்திருக்கிறது. எனக்கு மைலேஜைவிட அதுதான் பெரிசு. உன் மாமியாரும் முழங்கால் வலிக்காரர்தானே, அவரையும் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

பேட்டரிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் செல் வித்தியாசம் என்று எண்கள் வரிசையாக வரும். அதைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பு, அவர் இங்கே தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்டுச் சொல்வார். அதுவரை இரண்டு இடத்திலும் அட்வான்ஸ் கொடுக்காதே. கட்டப்பனைக்காரர்கள் அவசரப்படுத்தினால் வாரத்துக்கு எத்தனை தடவை எடுத்தீர்கள் என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அப்படியே எனக்குச் சொல்.

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். தைப்பூசத்துக்கு வருவதானால் முன்கூட்டியே சொல், அம்மா உனக்கென்று பலாக்காய் வற்றல் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா